அவர் விட்டுவைத்த கட்டங்கள்

பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்குமாகச் சேர்த்து ஒரே ஒரு ஞாயிறு ஆங்கிலப் பேப்பர் வந்தது. என் கணவர் சுன்னாகத்தில் கூட்டுறவுச் சங்கக் கடைக் கிளாக்கர். ஞாயிறு காலையில் சைக்கிளில் சுன்னாகம் ஸ்ரேசனுக்குப் போய், கொழும்பு மெயிலில் வந்த பேப்பரை வாங்கிவருவார். பின்னேரம் வரை அது எங்களுடையது, பிறகு எதிர்வீட்டு ரீச்சருடையது. திங்கட்கிழமை எங்களிடம் திரும்பி வந்துவிடும். பழைய பேப்பர் எனக்கு வேண்டும் என்பதுதான் பேச்சு. அதை அலுமாரித் தட்டில் விரித்து, அதன் மேல் சேலைகளை அடுக்குவேன்.

ரீச்சர், மீன்பிடி வள்ளங்கள் வைத்திருந்த குருநகர்ச் சம்மாட்டி ஒருவரின் மகள். பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கே மேடை நாடகங்களிலும் நடித்துவிட்டு, எங்கள் ஊருக்கு ஆங்கிலம் படிப்பிக்க வந்தவர். கலியாணம் ஆகவில்லை, தாயோடு இருந்தார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ரீச்சரை ‘அவள்’ என்று எழுதுவது மரியாதை இல்லைதான். ஆனால் அந்த நாட்களில் மனதுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

என் கணவருக்கு அந்தப் பேப்பரில் வேண்டியது குறுக்கெழுத்து ஒன்றுதான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பென்சிலோடு சாய்மனைக் கதிரையில் இருந்துவிடுவார். முக்கால்வாசியை நிரப்பிவிட்டு, மூன்று நான்கு விடைகளுக்கு மட்டும் கட்டங்களை வெறுமையாக விடுவார். பிறகு பேப்பரை மடித்து என்னிடம் நீட்டுவார்.

“உந்தப் பேப்பரை ரீச்சர் வீட்டிலை குடுத்துவிடும்.”

“மிச்சத்தையும் யோசிச்சு நிரப்புங்கோவன்” என்றேன் ஒருமுறை.

“உதெல்லாம் கிரேக்கக் கதையளும் நாடகங்களும். எனக்கு ஓடாது. ரீச்சருக்கெண்டா தண்ணி பட்ட பாடு.”

திங்கட்கிழமை அந்தக் கட்டங்கள் நீல மையில், குண்டு குண்டான எழுத்தில் நிரம்பி வரும். வேலையால் வந்ததும் அவர் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான். பார்த்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார். என் கணவாய்க் கறிக்குக் கூட அப்படி ஒருநாளும் சிரித்ததில்லை. இரண்டு பேரும் வாசல் படலையில் கண்டால் ‘சுகமோ’ என்பதோடு சரி. ஒரு குற்றமும் சொல்ல முடியாது. என் புருசனும் எதிர்வீட்டுக்காரியும் சேர்ந்து கட்டம் நிரப்புகிறார்கள் என்று யாரிடம் போய் முறையிடுவது? ஊர் சிரிக்கும். எனக்கு வந்தது பொறாமைதான், வேறு நல்ல பெயர் வைக்க நான் விரும்பவில்லை. அதிலும் கொடுமை, அந்தப் பேப்பரைக் கொண்டுபோய்க் கொடுப்பவளும் நான்தான்.

அவருக்கு ஓடாததை நான் படித்துவிடுவது என்று தீர்மானித்தேன். அந்தக் கட்டங்களில் ஒன்றையாவது அவர் என்னிடம் கேட்க வேண்டும், அந்தச் சிரிப்பு ஒருமுறை எனக்கு வேண்டும். என் தங்கச்சியைக் கொண்டு, அவள் படிக்கும் கல்லூரி நூலகத்திலிருந்து சிறுவர்களுக்கான கிரேக்கக் கதைப் புத்தகம் ஒன்றும், நாடகக் கதைகளைச் சுருக்கிய புத்தகம் ஒன்றும் எடுப்பித்தேன். ஆங்கில அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, உலை கொதிக்கும்போது ஒரு பக்கம், அவர் வேலைக்குப் போனபின் இரண்டு பக்கம் என்று ஏழெட்டு மாதம் வாசித்தேன். தேவர்களின் அரசி ஒருத்தி புருசனுக்குக் காவல் இருந்தே களைத்துப்போகிறாள். அவளை வாசித்தபோது சொந்தக்காரியைக் கண்டது போல இருந்தது. ஒரு நாடகத்தில், தளபதி ஒருவன் காணாமற்போன ஒரு கைலேஞ்சித் துணியினால் மனைவியைச் சந்தேகித்துக் கொன்றுவிடுகிறான். மடையன் என்று திட்டினேன். எனக்கு நீல மை போதுமாக இருந்தது என்பதை அப்போது நினைக்கவில்லை.

தைப்பொங்கலுக்கு முன் வீடு துப்புரவாக்கும்போது அலுமாரியையும் ஒதுக்கினேன். பழைய பேப்பரின் மேலேயே புதிதை விரித்து விரித்து, தட்டில் ஒரு பாயளவு தடிப்பு. மேலே இருந்தது போன மாதத்துத் தாள். இப்போது எனக்குக் குறிப்புகள் வாசிக்கத் தெரியுமே, நின்று வாசித்தேன். ‘கணவன் திரும்பும் வரை நெய்ததைப் பிரித்துக்கொண்டிருந்த அரசி.’ விடை நீல மையில் இருந்தது. எல்லாத் தாள்களையும் உருவினேன். அடியில் கிடந்தது நாங்கள் கலியாணம் செய்த வருடத்துத் தாள். ரீச்சர் எங்கள் ஊருக்கு வந்தேயிராத காலம். அதிலும் அதே அரசி வந்திருந்தாள். விடை பென்சிலில், அவருடைய சாய்ந்த எழுத்தில், ஒரு அழிப்பும் இல்லாமல் இருந்தது. அந்தத் தாளில் ஒரு கட்டம்கூட வெறுமையாக இல்லை.

நிலத்தில் இருந்துவிட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது. எப்போதும் தெரிந்திருந்தது. அவர் தெரியாமல் விட்ட கட்டங்கள் இல்லை அவை, அவளுக்கென்று விட்டுவைத்தவை. என் கண்ணீர் அந்த அரசியின் மேல் விழுந்து தாள் ஊறியது. அவளாவது திரும்பி வரப்போகிறவனுக்காகக் காத்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு அவர் மூன்று விடைகளை விட்டிருந்தார். மூன்றும் எனக்குத் தெரியும். குசினிக்குள் கொண்டுபோய், வேண்டுமென்றே நீல மைப் பேனாவால் நிரப்பி, ரீச்சரின் படலையில் நின்று கூப்பிட்டேன். அவள் பேனாவைத் திறந்து கையில் பிடித்தபடியே வந்தாள். அவளும் ஞாயிறு பின்னேரத்துக்காகவே காத்திருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் கண்டேன்.

“என்னக்கா, இண்டைக்கு எனக்கு ஒண்டும் மிச்சம் இல்லையோ?”

“நான்தான் நிரப்பினனான், ரீச்சர். சரியோ எண்டு பாருங்கோ.”

அவள் நிதானமாகப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

“ஓம் அக்கா. எல்லாம் சரி” என்று சொல்லிப் பேனாவை மூடினாள். எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை.

மறுநாள் அவர் அந்தப் பக்கத்தைத் திறந்தார். சாமான் வாங்க நான் எழுதிக்கொடுக்கும் சிட்டைகளில் வருடக்கணக்காகக் கண்ட என் கோணல் எழுத்து அவருக்குத் தெரியாமல் இருக்காது. சிரிக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வெறுங்கோப்பையை நீட்டினார்.

அதற்கடுத்த ஞாயிறு, காலையிலேயே பேனாவை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் கதிரையில் இருந்து, ஓரிடத்திலும் தயங்காமல், மளமளவென்று எழுதினார்.

“இந்தாரும், முடிஞ்சுது. குடுத்துவிடும்.”

வாங்கிப் பார்த்தேன். கடைசிக் கட்டம் வரை பென்சில். ரீச்சருக்கென்று அவர் ஒன்றும் விடவில்லை. எனக்கென்றும் விடவில்லை.