வெர்ன் கூச்சேராவின் நல்ல இரவுகள்

தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிறவர்களுக்குக் காற்று ஊதும் மெஷினை மாட்டிவிட்டு, அதன்பின் ஆயுசு முழுக்க அவர்கள் புலம்பலைக் கேட்பது என் பிழைப்பு. நெப்ராஸ்காவில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில், டிராக்டர் டயர் கடையை ஒட்டி இருக்கிறது எங்கள் கடை. மாஸ்க் மூக்கை அறுக்கிறது, காற்று வயிற்றுக்குள் போய் ஏப்பமாக வருகிறது, குழாயில் தண்ணீர் களகளவென்கிறது, பெண்டாட்டி பார்த்துச் சிரிக்கிறாள். நாள் பூராவும் இதே பாட்டுத்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் புருஷனே குறட்டை விடுகிறான். அவனுக்கு எடுத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

இந்தக் கூட்டத்தில் டோரீன் கூச்சேராவை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை அவளுக்கு. ஒல்லி உடம்பு, சின்ன முகம், சதா ஈரமான கைகள். அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவள் புருஷன் வெர்ன் அதற்கு நேர்மாறு. வாசல் நிலையை அடைத்துக்கொண்டு நுழைகிற ஆள். மாட்டு லாரி ஓட்டுகிறவர். பட்டியில் கொழுத்த மாடுகளை ஏற்றிக்கொண்டு போய் இறைச்சி ஆலையில் இறக்கிவிட்டுத் திரும்புவார். நேரம் காலம் கிடையாது. நள்ளிரவில் ஏற்றச் சொன்னால் நள்ளிரவில் ஏற்ற வேண்டும். வெயிலில் மாடு காத்திருக்காது.

பெரிய லாரி ஓட்ட டாக்டர் கையெழுத்துப் போட்ட அட்டை வேண்டும். மூச்சு நிற்கிற வியாதி இருந்தால், பெரும்பாலான இரவுகள் மாஸ்க்கோடுதான் தூங்கினார் என்று மெஷின் சாட்சி சொல்ல வேண்டும். அது தானாகவே தினமும் எங்கள் கணினிக்குக் கணக்கு அனுப்பிவிடும். சாட்சி இல்லையென்றால் அட்டை இல்லை, அட்டை இல்லையென்றால் லாரி இல்லை. வெர்னுக்கு லாரியைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

முதல் மாதம் கணக்கு படுமோசம். இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"காத்து பூரா மீசை வழியா கசியுது. மீசையை எடுத்துடுங்க வெர்ன்."

"எடுத்தா மாடு என்னை அடையாளம் தெரியாம ஏற மாட்டேங்கும்மா."

"சரி, மல்லாந்தாவது படுக்காதீங்க. நாக்கு பின்னால சரிஞ்சு தொண்டையை அடைக்குது. ஒருக்களிச்சுப் படுங்க."

"இந்தத் தோள்ல ஒரு காளை உதைச்சிருக்கு. அழுத்தினா உயிர் போகும்."

"அப்ப அந்தப் பக்கம் படுங்க."

"அந்தத் தோள்ல வேற ஒரு காளை."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. டோரீன் மட்டும் நான் சொன்னதை மனதில் வாங்கிக்கொண்டாள். அந்த வாரமே அவருடைய பனியன் முதுகில் டென்னிஸ் பந்தை வைத்துத் தைத்தாள், மல்லாந்தால் குத்தட்டும் என்று. மனுஷன் தூக்கத்திலேயே பனியனைக் கழற்றி எறிந்தார். சாய்வுத் தலையணை வாங்கிப் போட்டாள். அதன்மேல் நாய்தான் படுத்தது. இன்னும் ஒரு மாதம் பார்க்கிறேன், அப்புறம் கையெழுத்து கிடையாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் கணக்கு தங்கமாக மாறியது. தினமும் நிறைய நேரம் மாஸ்க், கசிவு இல்லை, மூச்சு ஒருதடவைகூட நிற்கவில்லை. பச்சைக் குழந்தை தூங்குவது போல் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "வெர்ன் கூச்சேராவே திருந்திட்டார், உங்களுக்கு என்ன கேடு?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டேன். காற்று அதிகமாக வந்து வயிறு உப்புகிறது என்று வெர்ன் முதல் மாதமே டாக்டரிடம் முறையிட்டிருந்ததால், இவ்வளவு நல்ல கணக்குக்கு இவ்வளவு காற்று எதற்கு என்று டாக்டர் அழுத்தத்தைக் குறைத்துவிட்டார். அட்டையிலும் கையெழுத்துப் போட்டார். அதற்கு நானும் தலையாட்டினேன்.

இலையுதிர் காலத்தில், பட்டப்பகலில், வளைவே இல்லாத சாலையில், வெர்னுடைய லாரி மாடுகளோடு பள்ளத்தில் இறங்கியது. நல்லவேளை, கவிழவில்லை. ஒரு பண்ணைவீட்டுத் தபால்பெட்டி நொறுங்கியதோடு சரி. மான் குறுக்கே பாய்ந்தது என்று வெர்ன் முதலாளியிடம் சொன்னார். எங்கள் பக்கத்தில் பள்ளத்தில் இறங்குகிற வண்டிக்கெல்லாம் மான்தான் பொறுப்பு. யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

அடுத்த நாள் மத்தியானம் டோரீன் கடைக்கு வந்தாள். வெர்ன் வெளியே பிக்கப் வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்க் விளிம்பு கிழிஞ்சுபோச்சு ஜேனெல். புதுசு ஒண்ணு குடு. சின்ன சைஸ்."

"சின்ன சைஸா? வெர்ன் மூஞ்சிக்கு அது மூக்கைக்கூட மூடாதே டோரீன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாகத் தடம். என்னிடம் வருகிற ஒவ்வொரு முகத்திலும் தினமும் பார்க்கிற தடம்தான்.

"அடிப் பாவி! மாஸ்க்கை நீயா போட்டுக்கிட்ட?"

டோரீன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வீட்டுக்கு வந்ததும் சாப்பிடுவாரு. ஹால்ல சாய்வு நாற்காலியில விழுவாரு. அவ்ளோதான், அசையமாட்டாரு. அதுல சாஞ்சாதான் தோள் வலிக்காது. மெஷின் உள் ரூம்ல கிடக்கும். எழுப்பலாம்னு கிட்டப் போவேன். அந்த மூஞ்சியைப் பார்த்தா எழுப்ப மனசு வராது ஜேனெல். அதுக்காக அட்டை போகட்டும்னு விட முடியுமா? அதான் பட்டையை இறுக்கி நானே மாட்டிக்கிட்டுப் படுத்தேன். கணக்கு எப்படி நல்லாச்சுன்னு அவரும் கேக்கலை, நானும் சொல்லலை."

"நீ உள்ளே மாஸ்க்கோட படுத்தா, அவர் மூச்சு?"

"கதவைத் திறந்துதான் வெச்சிருப்பேன். குறட்டை கேட்டுக்கிட்டே இருக்கும். திடீர்னு நின்னுடும். எனக்கு நல்ல காத்து வந்துக்கிட்டிருக்கும், அவருக்கு ஒண்ணுமே வராது. மறுபடி குறட்டை கேக்கற வரைக்கும் அப்படியே கிடப்பேன். எப்படியும் வந்துடும். இதுவரைக்கும் வந்துடுச்சு."

அவளை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. அவள் மூச்சை வைத்தல்லவா நாங்கள் அவருக்குக் காற்றைக் குறைத்திருக்கிறோம்!

"இதை நான் டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும். மூடி வெச்சா, நாளைக்கு லாரி பள்ளத்துல இறங்காது, எதிர்ல ஸ்கூல் பஸ் வரும். அதுல இருக்கிறது நீ சோறு போடற பிள்ளைங்கதான்."

"தெரியும்," என்றாள் டோரீன். "நேத்திலேர்ந்து அதுதான் கண்ணுல நிக்குது. சின்ன சைஸ் கேட்டா நீ கண்டுபிடிச்சுடுவேன்னும் தெரியும். வாயைத் திறந்து சொல்லத்தான் தைரியம் வரலை. அவரைக் கூப்பிடு."

வெர்ன் உள்ளே வந்து, டோரீன் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார். அவர் முகம் பீட்ரூட் மாதிரி சிவந்தது.

"உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? என் உயிரைவிட அட்டை பெருசாப் போச்சா உனக்கு?"

"நீதானே சொன்ன? லாரி இல்லாட்டி நான் செத்ததுக்குச் சமம்னு, சாப்பாட்டு மேஜையில உக்காந்து தினம் தினம் சொன்ன. நான் எந்தச் சாவைத் தடுக்கறது?" அவள் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் கேட்டேன். "நீ தூங்கிட்ட வெர்ன். நான்தான் வருஷக்கணக்கா தூங்கலை."

வெர்ன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன், அந்த மெஷினைத் தூக்கி சாய்வு நாற்காலி பக்கத்துல வெச்சா என்ன? சாஞ்சு தூங்கினா நாக்கும் அவ்வளவா பின்னால விழாது, தோளும் வலிக்காது. இது தோணலையா ரெண்டு பேருக்கும்?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெர்ன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "என்கூட லாரி ஓட்டற பசங்க திடுதிப்புனு ஹாலுக்கு வருவாங்கம்மா. கதவு தட்டற பழக்கமெல்லாம் கிடையாது. மூஞ்சியில குழாயோட பார்த்தாங்கன்னா ஆலை வரிசையில நிக்கிற அத்தனை லாரிக்கும் சேதி போயிடும்." மாடு உதைத்தால் அசராத மனுஷன், கூட ஓட்டுகிறவர்களின் கேலிக்குப் பயந்து அதை அறையில் ஒளித்து வைத்திருக்கிறார். எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளைப் பற்றி இதற்குமேல் நான் என்ன சொல்ல?

அன்றே டாக்டருக்குச் சொன்னேன். காற்றை மறுபடி ஏற்றினார், அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மெஷின் ஹாலுக்கு வந்தது. கதவு தட்டாமல் வந்த பசங்கள் ஒரு வாரம் சிரித்தார்கள். பிறகு அவர்களில் ஒருவன் தன் குறட்டையைப் பற்றி என்னிடம் ரகசியமாக விசாரித்தான். வெர்னுடைய உண்மையான கணக்கு வர ஆரம்பித்தது. பச்சைக் குழந்தையெல்லாம் இல்லை, ஆனாலும் ஒரு மனுஷன் மூச்சு விடுகிற கணக்கு. குளிர்காலம் முழுக்க அவர் வீட்டில் இருந்தார். முதலாளி எவ்வளவு நாள்தான் பொறுப்பார்? வெர்னுடைய லாரியை வேறொருவன் ஓட்டத் தொடங்கினான்.

பனி உருகிய பிறகு டாக்டர் மறுபடி கையெழுத்துப் போட்டார். அட்டையைக் கொடுக்க இருவரையும் கடைக்கு வரச் சொன்னேன். வெர்ன் அதை வாங்கி, ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார்.

"இனிமே இதை வெச்சுக்கிட்டு நான் எங்கே போறது?"

லாரி கிடைக்கும், தேடலாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் டோரீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு வீட்டுக்குப் போகலாம். நீயும் தூங்கு, நானும் தூங்கறேன்."