சுவரில் போல்ட் போட்ட வாஷிங் மெஷின்

கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். போன் கூவியது. மகள் வாணி போட்டோக்கள் அனுப்பியிருந்தாள். எல்லாம் வாஷிங் மெஷின். வெள்ளை, சாம்பல், கறுப்பு. முன்னால் கண்ணாடிக் கதவு வைத்தது, மேலே மூடி வைத்தது. கடைசியில் அவள் குரல். "அப்பா, ரொம்ப வெல போகக் கூடாது. அடிக்கடி ரிப்பேருக்கு ஆள் கூப்புடக் கூடாது. எது வாங்கலாம், நீங்களே சொல்லுங்க."

வாணி பூந்தமல்லிப் பக்கம் புது பிளாட்டுக்குக் குடிபோயிருக்கிறாள். கம்ப்யூட்டர் வேலை. எதைக் கேட்டாலும் அவள் போன் பதில் சொல்லும். இதற்கு மட்டும் என்னைக் கேட்கிறாள். காரணம் இருக்கிறது. நான் தண்ணீர் ஊற்றிய செடி மண் தொட்டியில் இல்லை. எங்கள் பழைய மெஷினில் துணி பிழிகிற கூடையில் இருக்கிறது. சுற்றிலும் ஓட்டை. தண்ணீர் தேங்காது. செடிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. அந்த மெஷினில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. எழுதுவது அதைவிடக் குறைவு. இருந்தாலும் அந்தக் கூடையைப் பார்த்தால் கொஞ்சம் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

அப்போது கள்ளிக்குப்பத்தில் லைன் வீட்டில் இருந்தோம். ரயில் பெட்டி மாதிரி வரிசையாக ஆறு வீடு. மேலே ஆஸ்பெஸ்டாஸ். பின்பக்கம் ஆறு வீட்டுக்கும் ஒரே நீளச் சுவர். எல்லார் வீட்டுப் பாத்திர ஷெல்ஃபும் அந்தச் சுவரில்தான் மாட்டியிருக்கும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. முதல் வீடு ஓனரம்மாவுடையது. கடைசி வீடு எங்களுடையது. அதை ஒட்டித் துவைக்கிற கல்லும் அடிபம்பும்.

நான் எஸ்டேட்டில் லேத் ஓட்டினேன். எஸ்டேட் என்றதும் தேயிலை என்று நினைத்துவிட வேண்டாம். அம்பத்தூர் தொழிற்பேட்டையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். லேத்தில் இரும்பைச் சீவும்போது சூடு தணிக்கக் கூலன்ட் என்று ஒன்றை ஊற்றுவோம். பார்க்கப் பால் மாதிரி இருக்கும். பழசானால் புளித்த மாவு நாற்றம். சட்டையில் ஏறினால் இறங்காது. பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் என்னை யாரும் நெருக்க மாட்டார்கள். எனக்கு அது சௌகரியம். துவைக்கிறவளுக்கு அப்படி இல்லை.

துவைக்கிறவள் என் மனைவி கஸ்தூரி. அவளும் வேலைக்குப் போனாள். சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. அவள் காலர் தைப்பாள். காலர் தைக்கிறவர்களுக்கு அங்கே தனி மரியாதை. காலர் கோணினால் முழுச் சட்டையும் போச்சு. அவள் தைத்த காலர் ஒன்றுகூட என் கழுத்தில் ஏறியதில்லை. எல்லாம் கப்பல் ஏறியது.

ஒரு வருஷம் அவளுக்கு வலது மணிக்கட்டு வீங்கியது. காலையில் என் காக்கி பேண்ட்டை முறுக்கிப் பிழிகிற கை. பகலெல்லாம் துணியைத் திருப்பித் திருப்பித் தைக்கிற கை. டாக்டர் பார்த்துவிட்டு, "தைக்கறதா, பிழியறதா, ரெண்டுல ஒண்ண விடுங்கம்மா" என்றார். கம்பெனி சூப்பர்வைசரம்மா இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். "மழ முடியறதுக்குள்ள கை சரியாகலன்னா காலருக்கு வேற ஆளப் போட்டுடுவேன். நீ பிசிறு டேபிளுக்குப் போயிடு."

பிசிறு டேபிள் என்றால், தைத்து முடித்த சட்டையில் தொங்குகிற நூலை நறுக்குகிற இடம். சம்பளம் குறைவு. சம்பளத்தைவிட மரியாதை பெரிசு. கஸ்தூரி வீட்டுக்கு வந்து அழவில்லை. எனக்குச் சோறு போட்டாள். "நான் பிசிறு வெட்ட மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் நானே துவைக்கிற கல்லுக்குப் போனேன். மூன்றாவது வீட்டு தேசிங்கு பல் விளக்கிக்கொண்டே வந்து நின்றான். ஆட்டோ ஓட்டுகிறவன். வாயும் ஓடும்.

"இன்னா மாமே, துணி தோய்க்கிறியா, இல்ல அடிச்சி வாக்குமூலம் வாங்கிகினு கீறியா?"

துணி வாக்குமூலம் கொடுக்கவில்லை. பட்டன்தான் போனது. காய்ந்த பேண்ட்டைக் கஸ்தூரி முகர்ந்து பார்த்தாள். புளித்த மாவு அப்படியே இருந்தது. "மெஷின் வாங்கிடலாங்க" என்றாள்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். டை கட்டிய பையன் ஓடி வந்தான். பளபளவென்று ஒன்றைக் காட்டினான். "பட்டனத் தட்டிட்டு நீங்க பாட்டுக்கு சீரியல் பாக்கலாம்மா. மத்ததெல்லாம் அதுவே பாத்துக்கும்."

"தண்ணி?" என்றாள் கஸ்தூரி.

"குழாயில பைப்ப மாட்டிட்டா அதுவே எடுத்துக்கும்மா."

"குழாய் இல்ல. அடிபம்பு."

"மாடியில டேங்க் இருக்குமே?"

"மாடியே இல்ல. குடத்துல ஊத்தலாமா?"

பையன் டையைத் தளர்த்திக்கொண்டான். அந்தக் கேள்விக்கு அவனுக்குப் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள். பிறகு எங்களைக் கடையின் பின்பக்கம் கூட்டிப்போனான். அங்கே இரட்டைத் தொட்டி மெஷின்கள், பெயிலான பிள்ளைகள் மாதிரி சுவரோரம் நின்றுகொண்டிருந்தன. ஒரு தொட்டியில் துவைக்கும். துணியைக் கையால் எடுத்து அடுத்த தொட்டியில் போட்டால் சுற்றிப் பிழியும். "இதுல ஊத்தலாம்மா" என்றான்.

எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. திருகினால் கடகடவென்று ஓடும் குமிழ். கை எண்ணெயாக இருந்தாலும் திருகலாம். விளக்கு எரிவது, பாட்டுப் பாடுவது எதுவும் இல்லை. கெட்டுப்போவதற்கு உள்ளே அதிகச் சாமான் இருக்காது என்று பட்டது. இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது. "பின்னாடி மூடியக் கழட்டிக் காட்டுப்பா. பெல்ட் பாக்கணும்" என்றேன்.

"சார், புதுசு சார். கழட்டக் கூடாது."

"கழட்டாம எப்படித் தெரியும்?"

கஸ்தூரி என் முழங்கையைக் கிள்ளினாள். "மாப்ள பாக்கப் போன எடத்துல சட்டையக் கழட்டச் சொல்லுவீங்களா? சும்மா இருங்க."

சும்மா இருந்தேன். கையில் இருந்த காசுக்கு அதுதான் வந்தது. நல்ல மெஷின் எது என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு எது ஆகும் என்று தெரியும்.

தேசிங்கு ஆட்டோவில் ஏற்றினோம். பெட்டி இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கஸ்தூரிக்கு இடம் இல்லை. பஸ்ஸில் வந்தாள். நான் பெட்டியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம் ஹாரன் அடித்தான். "பொண்ணு அழைச்சிகினு போற மாரி கீது மாமே" என்றான்.

இனிமேல்தான் என் புத்திசாலித்தனம் வருகிறது.

பட்டறையில் சேர்ந்தவுடன் எங்களுக்குச் சொல்வது இது: தரையோடு கட்டாத மெஷின் நடக்கும். லேத், டிரில், பிரஸ் எல்லாம் போல்ட் போட்டுத்தான் நிற்கும். வாஷிங் மெஷினும் மெஷின்தானே? எஸ்டேட்டில் இரும்பு ஆங்கிள் வாங்கி, மெஷின் அளவுக்கு ஒரு பிரேம் வெல்டிங் வைத்துக் கொண்டுவந்தேன். கீழே தரையில் இரண்டு போல்ட். பின்னால் சுவரில் இரண்டு போல்ட். சிமெண்ட் வைத்து இறுக்கி, காயவிட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நின்றது.

தேசிங்கு வேலையைச் சுற்றிவந்து பார்த்தான். "இன்னா மாமே, திருடன் தூக்கிகினு பூடுவான்னா?"

"இல்லடா. ஓடும்போது அதிரும்."

"அதிர்ந்தா?"

"நடக்கும்."

"ஊட்டுக்குள்ளதானே நடக்கும்? நடக்கட்டுமே."

ஆட்டோக்காரனுக்குப் பவுண்டேஷனைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டினோம். லைன் முழுக்க வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. நான் பம்ப் அடித்துக் குடம் குடமாக ஊற்றினேன். சோப்புத்தூள் வாசனை எழும்பியது. துணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டது. வடிகால் குமிழைத் திருகிவிட்டதும் அழுக்குத் தண்ணீர் வெளியே வந்தது. கறுப்பு. அவ்வளவு நாளும் அந்தக் கறுப்பு அவள் கை வழியாகப் போயிருக்கிறது. நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதுவரை சரி. துணியை அள்ளிப் பிழிகிற கூடையில் போட்டு மூடினேன். திருகினேன்.

டம டம டம என்று ஆரம்பித்தது. மெஷின் அசையவில்லை. என் போல்ட் அப்படி. சுவர்தான் அசைந்தது. முதலில் எங்கள் ஷெல்ஃபிலிருந்து டம்ளர்கள் விழுந்தன. அடுத்த வீட்டில் சொம்பு. அதற்கடுத்து இட்லிப் பானை மூடி உருண்டு வாசல் வரைக்கும் வந்தது. சத்தம் ஒவ்வொரு வீடாக முன்னால் போய்க்கொண்டே இருந்தது. தேசிங்கு பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். நான் குமிழைத் திருப்பி நிறுத்துவதற்குள் கடைசிச் சத்தம் முதல் வீட்டில் கேட்டது. அது சுவர்க் கடிகாரம்.

ஓனரம்மா கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டே வந்தாள்.

"இன்னாப்பா, ஊட்ட இடிக்கச் சொல்லி யார்னா துட்டு குட்த்தாங்களா?"

"இல்லம்மா. போல்ட் டைட்டாத்தான்…"

"போல்ட்டாவது கீல்ட்டாவது. சாயந்தரத்துக்குள்ள மிசின் போவணும். இல்லாங்காட்டி நீ போவணும்."

கஸ்தூரி வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். அவள் எதை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். மெஷின் போனால் கல். கல்லுக்குப் போனால் பிசிறு டேபிள்.

ஸ்பேனரை எடுத்து நட்டுகளைக் கழற்றினேன். கழற்றும்போது தேசிங்கு சிரிக்கவில்லை. அதற்காகவே அவனை எனக்குப் பிடிக்கும். வீட்டுக்குப் போய்த் தேய்ந்த ஆட்டோ டயர் ஒன்றைக் கொண்டுவந்தான். துண்டு துண்டாக அறுத்தோம். பிரேமைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, மெஷினை நகர்த்தி, அதன் நான்கு காலுக்கும் ரப்பர் வைத்தோம். அதற்குள் கஸ்தூரி கூடையிலிருந்த துணியை வெளியே எடுத்து உதறினாள். "பேண்ட்டெல்லாம் ஒரே பக்கம் திணிச்சி வெச்சிருக்கீங்க. காலர் மாதிரி சுத்திவர ஒரே கனமா இருக்க வேணாமா?" என்று கேட்டு, ஓரம் ஓரமாக அமுக்கி வைத்தாள்.

ஓனரம்மா தன் வீட்டு ஷெல்ஃபில் ஒரு டம்ளரை வைத்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினாள். "ஒரு சொட்டு கீழ வந்துச்சி, அவ்ளோதான்" என்றாள். லைனில் பாதிப் பேர் டம்ளரிடம் போய் நின்றார்கள். பாதிப் பேர் மெஷினிடம். கஸ்தூரி குமிழைத் திருகினாள்.

மெஷின் ஆடியது. உறுமியது. ரப்பரோடு சேர்ந்து மெல்ல நடக்கவும் செய்தது. ஒரு சாண் இருக்கும். தேசிங்கு என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "நடக்கட்டுமே" என்றான். சுவர் சும்மா இருந்தது. முதல் வீட்டிலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. பிறகு, "சிந்தல! சிந்தல!" என்று அவன் பெண்டாட்டி கத்தினாள்.

நாங்கள் போய்ப் பார்த்தபோது ஓனரம்மா அந்தத் தண்ணீரை எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஈரப் போர்வை. "இத்தையும் ஒரு சுத்து சுத்து. மழ வர மாரி கீது."

மழை வந்தது. அந்தப் பருவம் முழுக்க எங்கள் வாசலில் கூட்டம்தான். தோளில் ஈரத்துணி, இடுப்பில் குடம். குடம் எதற்கு என்றால், அது ஓனரம்மா போட்ட சட்டம். பிழிய வருகிறவர்கள் கஸ்தூரியின் தொட்டிக்கு ஒரு குடம் தண்ணீர் அடித்து ஊற்ற வேண்டும். ஓனரம்மாவும் குடத்தோடுதான் வருவாள். கஸ்தூரி பம்ப் பிடியைத் தொட்டே நாளானது. தேசிங்கு சட்டைப் பையில் சில்லறையை மறந்து போட்டுவிடுவான். கூடை சுற்றும்போது சலங்கை கட்டிய மாதிரி கேட்கும். "மாமே, மீட்டர் ஓடுது" என்பான்.

மழை நிற்பதற்குள் மணிக்கட்டு வீக்கம் வற்றியது. கஸ்தூரி காலரிலேயே இருந்தாள். அந்தக் கம்பெனி வேறு ஊருக்குப் போகிறவரை பிசிறு வெட்டவில்லை. மெஷின் அதற்கப்புறமும் பல வருஷம் ஓடியது. பெல்ட் மட்டும் மாற்றினேன். கடைசியில் கூடையைத் தவிர எல்லாம் தேய்ந்துவிட்டது.

இப்போது அந்த லைன் வீடு இல்லை. பிளாட் கட்டியிருக்கிறார்கள். கல் இருந்த இடத்தில் கார் நிற்கிறது. அடிபம்பு போய்விட்டது. ஓனரம்மாவும் போய்விட்டாள். தேசிங்கு ஆவடி தாண்டி எங்கோ இருக்கிறான். பொங்கலுக்குப் போன் செய்வான். இடிக்கிற அன்று நான் போய் நின்றேன். நீளச் சுவர் மொத்தமாகச் சாய்ந்தது. என் இரண்டு போல்ட்டும் கழலவில்லை. செங்கல்லைப் பிடித்தபடியே விழுந்தன. வேலை நல்ல வேலைதான். இடம்தான் தப்பு.

வாணிக்கு என்ன பதில் அனுப்புவது என்று தெரியவில்லை. கஸ்தூரியைக் கூப்பிட்டுப் போட்டோக்களைக் காட்டினேன். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. குடத்துல ஊத்தலாமான்னு கேளுங்க" என்றாள்.

போன் போட்டுக் கேட்டேன். வாணி சிரித்தாள்.

"குடமா? எங்க வீட்ல குடமே இல்லியேப்பா."

கஸ்தூரி செடியைப் பார்த்தாள். அப்புறம் போனை என் கையிலிருந்து வலது கையால் வாங்கினாள்.

"அப்ப எத வேணா வாங்கிக்கடி."