கண் கழுவும் குழாய்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். அந்த வேலைக்குக் கோபம் நல்லதுதான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். செருப்புக் காலோடு ஆய்வகத்துக்குள் வந்தால், பேராசிரியர் என்றும் பார்க்காமல் வாசலிலேயே நிறுத்திவிடுவேன்.

அதிகம் கத்தியது வேதியியல் ஆய்வகத்தில் பாத்திரம் கழுவும் அக்காவிடம்தான். திருவையாற்றுப் பக்கம் நாற்பது வயது வரை நடவு நட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். பாதுகாப்புக் கண்ணாடியை எப்போதும் நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொள்வார்.

"அக்கா, கண்ணாடி கண்ணுக்கா, நெத்திக்கா?"

"புழுங்குது சார். ஆவி அடிச்சு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. கத்தாதீங்க, போட்டுக்குறேன்."

ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஆய்வகம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். தராசுக்குச் சந்தனம், தீயணைப்பானுக்குக் குங்குமம், கதவுக்கு மாவிலை. கோலம் அக்கா பொறுப்பு. கண்ணில் ஏதாவது தெறித்தால் உடனே கழுவுவதற்கென்று அங்கே சுவரோரம் ஒரு குழாய் உண்டு. கைப்பிடியைத் தட்டினால் தண்ணீர் பீய்ச்சும். கீழே வடிகால் கிடையாது. ஒரு வருடம் தோரணம் கட்டிய யாரோ அதில் இடித்துவிட, போட்ட கோலம் பாதி கரைந்து ஓடியது.

"அட போங்க சார்! குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே போச்சு" என்று புலம்பிக்கொண்டே அவர் கோலமாவு எடுக்க வெளியே போனார். பாவமாக இருந்தது. அவர் திரும்பி வருவதற்குள் குழாயின் வால்வை மூடிவைத்தேன். பூஜை முடிந்ததும் திறந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

மறந்துபோனேன். விடுமுறை முடிந்த வாரம், குழாய்களைச் சோதித்து எழுதவேண்டிய பதிவேட்டில், அந்தப் பக்கமே போகாமல், என் மேசையில் உட்கார்ந்தபடி 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து, பாத்திரம் கழுவும் காரக் கரைசல் அக்காவின் வலது கண்ணில் தெறித்தது. கண்ணாடி நெற்றியில் இருந்தது. அலறல் கேட்டு நான் ஓடியபோது, ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு மறுகையால் அந்தக் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணி வரல சார், தண்ணி வரல!"

ஐயோ, எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. ஆனால் எட்டி வால்வைத் திறக்கத் தோன்றவில்லை. மூளை மரத்துப்போய், பாத்திரம் கழுவும் தொட்டியிலேயே குழாய் இருந்ததையும் மறந்து, அவரைத் தாழ்வாரத்தின் கோடியிலிருந்த கழிப்பறைக் குழாய் வரை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

அந்தக் கண் போய்விட்டது. உடனே கழுவியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அன்று மாலை ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய் வால்வைத் திறந்துவிட்டேன்.

விசாரணையில் அக்காவே முந்திக்கொண்டார். "சார் மேல தப்பே இல்லைங்க. அவரு தலபாடா அடிச்சுக்கிட்டாரு, நான்தான் கேக்கல. அன்னிக்குன்னு பாத்து அந்தக் குழாய்லயும் ஏதோ அடைப்பு போல."

வாயைத் திறந்திருக்கவேண்டிய நேரம் அது. நான் திறக்கவில்லை. 'பாதுகாப்புக் கண்ணாடி அணியாததே காரணம்' என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். வேலை போய்விடுமே என்ற பயம், வேறென்ன. நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அக்கா இன்னமும் அங்கேதான் வேலை பார்க்கிறார். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வருடாவருடம் நான் பாதுகாப்பு வகுப்பு எடுக்கவேண்டும். அதில் அக்காவைப் பேசவைத்தால் மனதில் பதியும் என்று துறைத்தலைவர் சொன்னபோது, வேண்டாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இந்த வருடமும் மைக்கை நான்தான் அவர் கையில் கொடுத்தேன்.

"சாரு கத்துவாரு. வருத்தப்படாதீங்க, நம்ம நல்லதுக்குத்தான் கத்துறாரு. அவரு பேச்சக் கேக்காமத்தான் நான் கண்ண விட்டேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.