கழித்தல் குறிகளை எடுத்தவர்

காலை பத்தரைக்கு மகளின் உதவித்தொகை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. வங்கிக் கணக்கின்படி வருமானம் அதிகமாம். அந்தப் பணம் இல்லாவிட்டால் அவளுக்குக் கல்லூரி இல்லை.

வங்கி கணக்கு விவரத்தை எக்செல் கோப்பாகத்தான் தந்தது. விண்ணப்பத்துக்கோ பிடிஎஃப் வேண்டும். ஜமுனாமரத்தூர் கம்ப்யூட்டர் சென்டர்காரரை நம்பி மாற்றக் கொடுத்திருந்தேன். காதில் பேனா செருகியிருப்பார். பேசும்போதே கைக்குட்டையால் திரையைத் துடைப்பார்.

அவரிடம் ஓடிப்போய், வருமானம் எப்படிக் கூடியது என்று கேட்டேன்.

"நம்பரு கட்டத்துல அடங்கலைங்க சார். முன்னாடி இருந்த சின்னக் கோடெல்லாம் எடுத்துட்டேன், சுத்தமா உக்காந்துச்சு. இன்னா கொறை?"

அவை கழித்தல் குறிகள். என் செலவெல்லாம் வரவாகியிருந்தது.

"உங்களை நம்பித்தானே கொடுத்தேன்?"

அவர் திரையைத் துடைத்தார். அந்த முகத்தில் கள்ளமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

ஆலங்காயம் பஸ்ஸில் வந்திறங்கிய மகள் என் கையிலிருந்த பிடிஎஃப் அச்சுத்தாளை வாங்கிப் பார்த்தாள்.

"இன்னாப்பா, நாம இவ்ளோ பணக்காரங்களா?"