காலில் வளரும் தோல்

இஸ்ரவேல் மைசூரில் விருந்துச் சமையல்காரர். ஒரு கல்யாணத்தில் சோறு வடிக்கும்போது கொதிகஞ்சி காலில் கொட்டிவிட்டது. தொடைத் தோலை எடுத்துப் புண்ணில் ஒட்டி, தீக்காய வார்டின் கண்ணாடி அறையில் போட்டுச் சாத்திவிட்டார்கள். கிருமி வரக்கூடாதாம். காலைத் தலையணையில் தூக்கி வைத்தபடி மல்லாந்தே கிடக்க வேண்டும். ஜன்னல் வழியே பார்த்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர்.

இதற்குள் மகள் ஜோவிதா பெண் குழந்தை பெற்று வீட்டுக்கும் போய்விட்டாள். முதல் பேத்தி. ஞானஸ்நானத்துக்கு அவளைத் தானே ஏந்திப் போக வேண்டும் என்று அவருக்குத் தவிப்பு.

"ஒட்டியாச்சே சிஸ்டர், எழுந்தா என்ன?"

"இது பசையில்ல அங்கிள்" என்றாள் நர்ஸ் நிம்மி. "வெந்த செல்லு செத்துப்போச்சு, திரும்பி வராது. புதுசுதான் வரணும். ஓரத்துல இருக்கற செல்லு உள்ள இருக்கறதையெல்லாம் ரெட்டிப்பாக்கிட்டு ரெண்டாப் பிரியும். அந்த ரெண்டும் மறுபடி பிரியும். அப்படித்தான் புண்ணு மூடும். உங்க பேத்தியும் ஒரே செல்லுல ஆரம்பிச்சவதான்."

"ஒண்ணுலயா! அவ மூணு கிலோ ஆயிட்டா, என் காலுக்கு மட்டும் என்ன சோம்பேறித்தனம்?"

"ஸ்வல்ப, கொஞ்சம் பொறுங்க."

பொறுக்கவில்லை. மனைவி ஜேன் உபவாச ஜெபத்தில் வாங்கிவந்த எண்ணெயைக் கட்டுக்குள் சரித்துக்கொண்டார். கட்டைப் பிரித்த டாக்டர் முகம் சுளித்தார். ஒரு மூலையில் தோல் வழுக்கி விலகியிருந்தது. இன்னும் பல நாள் அதே படுக்கை.

"ஜெபம் பண்ண எண்ணெய் டாக்டர்" என்றாள் ஜேன், மெல்ல.

"ஜெபத்துல தப்பில்ல ஆன்ட்டி" என்றாள் நிம்மி. "நெத்தியில பூசியிருக்கலாம்."

ஜோவிதா போன் செய்தாள். "பாஸ்டர்கிட்ட தள்ளிவைக்கச் சொல்லட்டாப்பா?"

சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் மருமகன் மெர்வின் வீட்டார் கோலாரிலிருந்து இதற்கென்றே லீவு போட்டு வந்திருந்தார்கள்.

"வேணாம்மா. உன் மாமனாரே தூக்கட்டும். கழுத்தைத் தாங்கிப் புடிக்கச் சொல்லு."

ஞாயிறன்று ஜேன் கோயிலிலிருந்து வீடியோ கால் போட்டாள். நிம்மி போனைப் பிடித்துக்கொண்டாள். ஜெபத்துக்குச் சபையார் எழுந்தார்கள். இஸ்ரவேலும் பழக்கத்தில் காலை இறக்கப் போனார். நிம்மி அவர் தோளை அழுத்தினாள்.

"படுத்துட்டே ஆமென் சொல்லுங்க. உள்ள வேலை நடக்குது."

கால் தலையணைக்கே திரும்பியது. சம்பந்தி கையில் இருந்த குழந்தையின் தலையில் தண்ணீர் விழுந்ததும் அது வீறிட்டது.

"கேட்டீங்களா சிஸ்டர், எங்க வீட்டுக் குரலு!" என்று சிரித்தார் இஸ்ரவேல். கண் மட்டும் நிறைந்திருந்தது.