அத்தான் காருக்கு நான் எடுத்த சக்கரம்

என் அக்காவை ஒரு வெள்ளைக் கார் கூட்டிக்கொண்டு போனபோது எனக்குப் பத்து வயது. அத்தான்தான் கூட்டிக்கொண்டு போனார் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவர் வெறுமனே ஓட்டினார், தூக்கிக்கொண்டு போனது கார்தான் என்பது என் கட்சி. கல்யாணத்துக்கு மறுநாள் பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனை திரும்பி அது மறைந்த நிமிஷத்திலிருந்து அந்தக் காரைக் கண்டாலே எனக்கு ஆகாது.

அக்கா எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள். எனக்குத் தலை பின்னிவிடுகிறவள் அவள். பாலில் ஆடை படிந்தால் விரலால் எடுத்து என் தம்ளரில் போடுகிறவள் அவள். முக்கூடலுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் இரண்டே மாதத்தில் போனில் 'எங்க கார்', 'எங்க வீட்டு முருங்கை' என்று பேச ஆரம்பித்துவிட்டாள். எனக்கு முருங்கை மரத்தின் மேல்கூடப் பொறாமை வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வந்தது.

அத்தான் நல்ல மனுஷர். என்னைச் சரிக்கட்ட அவர் படாத பாடு பட்டார். வரும்போதெல்லாம் மிட்டாய் வாங்கி வருவார். நான் அவர் எதிரில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர் போன பிறகு தின்பேன். அவரை அத்தான் என்று ஒரு தடவைகூட நான் கூப்பிட்டதில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அம்மாவிடம் போய், சாப்பிட வரச் சொல்லு என்பேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

ஐப்பசியில் தலை தீபாவளி வந்தது. மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா நூலில் விரல் அளவுகூட எடுத்து வைத்திருந்தாள். அந்த நேரத்தில் அத்தான் அக்காவிடம் சொல்லி, அக்கா அம்மாவிடம் சொல்லி, அம்மா அப்பாவிடம் ஒரு சங்கதி சொன்னாள். மாப்பிள்ளைக்கு மோதிரம் வேண்டாமாம், காருக்கு அலாய் வீல் என்கிற அலங்காரச் சக்கரம் வேண்டுமாம். காரில் ஏற்கெனவே இருந்தவை கறுப்பு இரும்புச் சக்கரங்கள். மேலே பிளாஸ்டிக் மூடி. நாலு மூடியில் ஒன்று எங்கேயோ விழுந்து காணாமல் போயிருந்தது.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மொபெட்டோடு வாகன ஆசை தீர்ந்தவர்.

"மோதிரம்னா வெரல்ல கெடக்கும். ரோட்டுல போட்டு உருட்டுததுக்கா நான் வாங்கிக் குடுக்கணும்?" என்று அம்மாவிடம் கேட்டார். மாப்பிள்ளையிடம் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் மாப்பிள்ளையிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாகவே அக்காவும் அத்தானும் வந்துவிட்டார்கள். முதல் தோசை அவருக்குப் போயிற்று. மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலி அவருக்குப் போயிற்று. அதெல்லாம் போகட்டும், அக்கா பாலாடையை எடுத்து அவர் தம்ளரில் போட்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் காலையில் நாலு பேரும் வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். முன் சீட்டில் அப்பா, பின்னால் நானும் அக்காவும். பாத்திரக்கடையில் தாம்பாளம் மாட்டியிருப்பதுபோல அந்தக் கடையின் சுவர் முழுக்கச் சக்கரங்கள் தொங்கின. அப்பா பாத்திரக்கடை என்றே நினைத்துவிட்டார்போல. ஒவ்வொன்றாக விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். "இது எத்தன நாளைக்கு வெளுக்காம இருக்கும்?" என்று கடை அண்ணாச்சியிடம் விசாரித்தார்.

அத்தான் கறுப்பாக, நிறையக் கம்பிகளோடு இருந்த ஒரு சக்கரத்தின் முன்னாலேயே நின்றார். அக்காவுக்குப் பிடித்தது வேறு. வெள்ளி நிறத்தில் ஐந்து இதழ் விரிந்த பூ மாதிரி ஒன்று. அப்படி ஒரு படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டிக் கைப்பைக்குள் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். அதை எடுத்து நீட்டினாள். அத்தான் ஒரு கண் பார்த்துவிட்டு, "ம், பாப்போம்" என்றார். அவள் அதைத் திரும்ப மடித்து வைத்துக்கொண்டாள்.

மூலையில் இன்னொரு செட் சாய்ந்திருந்தது. பெரிய சக்கரம், விளிம்பில் தங்க நிறப் பட்டை. கோயில் சப்பரத்துக்குப் பூட்டலாம், அவ்வளவு மினுக்கு. அத்தான் பார்வை அந்தப் பக்கம் போனதும் அண்ணாச்சி நியாயமாக எச்சரித்தார்.

"பாக்க ஜம்முனு இருக்கும். ஆனா அளவு ஒண்ணு கூட, வெளிய வேற தள்ளி நிக்கும். டவுனுக்குள்ள சும்மா ஓட்டுததுக்குச் சரி. ஆளும் பாரமும் ஏத்தி, குண்டுங்குழியுமா உள்ள ரோட்டுல போனா டயரு மேல தகரத்துல ஒரசும், பாத்துக்கிடுங்க."

எனக்குக் காது நிமிர்ந்தது. அப்போது முக்கூடல் ரோட்டில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வரும்போது வாந்தி வராத குறை என்று அக்காவே சொல்லியிருந்தாள். ஆக, இந்தச் சக்கரத்தை மாட்டினால் கார் டவுனுக்குள் ஓடும், முக்கூடலுக்குப் போகாது. கார் போகாவிட்டால் அக்கா எப்படிப் போவாள்? கணக்கில் நான் மக்கு என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். அன்று இந்தக் கணக்கை ஒரு நிமிஷத்தில் போட்டுவிட்டேன்.

"அத்தான், இத எடுங்க. இதான் நல்லாருக்கு" என்றேன்.

அத்தான் சட்டென்று திரும்பினார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அது வரைக்கும் என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை. அண்ணாச்சி, "ஒரசும்னு சொல்லுதனே" என்று மறுபடி இழுத்தார். அக்கா, "அந்த அஞ்சு இதழு…" என்று ஆரம்பித்தாள்.

"அது கெடக்கட்டும். பாப்பா வாயத் தொறந்து கேக்கா. இதையே மாட்டுங்க அண்ணாச்சி" என்றார் அத்தான். தான் ஆசைப்பட்ட கறுப்புச் சக்கரத்தைக்கூட அதன்பின் திரும்பிப் பார்க்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் காரியம் முடிந்ததில் அப்பாவுக்கு நிம்மதி.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அத்தான் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டு நின்றார். தெருவில் யார் கேட்டாலும், "எங்க பாப்பா எடுத்தது" என்று பெருமை பேசினார். அக்கா அன்றைக்கு என் தலையைப் பின்னிவிட்டாள். புருவம் மேலே ஏறுகிற அளவுக்கு இழுத்து இறுக்கிப் பின்னினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு மாதப் பாசம் அத்தனையும் சேர்த்துப் பின்னுகிறாள் என்று நான் பொறுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவர்கள் புறப்பட்டார்கள். முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து என்று மூன்று பெரிய சம்படங்கள், ஒரு ஏத்தன் வாழைத்தார், அது போக அம்மா சீராகக் கொடுத்த கிரைண்டர், கல்லோடு. எல்லாவற்றையும் பின்னால் ஏற்றியதும் கார் உட்கார்ந்துவிட்டது. நான் சாமியைக் கும்பிட்டேன். கார் போய்விட்டது. அரைமணி நேரம் கழித்துத் தெருமுனையில் கர்ர், கர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது. முக்கூடல் போகிற வழியில் பேட்டையைக்கூடத் தாண்டவில்லையாம், ஒவ்வொரு வேகத்தடையிலும் டயர் உரசித் தீய்ந்த வாடை வந்ததாம். எனக்கு அன்றைக்குத்தான் தீபாவளி.

ஆனால் அக்கா இறங்கிய முகத்தைப் பார்த்ததும் அம்மா கையைப் பிசைந்தாள். தலை தீபாவளி முடிந்து திரும்புகிறவள் சீர்ப் பலகாரத்தோடு போய் இறங்க வேண்டும். மாமியார் அதை அன்றே தெருவுக்குப் பங்கு வைப்பாள். முக்கூடலில் அத்தனை வீடும் எதிர்பார்த்துக் காத்திருக்கும். இப்போது பாரத்தைக் குறைக்கக் கிரைண்டரும் தாரும் இரண்டு சம்படங்களும் இறங்கிவிட்டன. நாளைக்குத் தான் பஸ்ஸில் கொண்டுவருவதாக அப்பா சொன்னார். ஒற்றைச் சம்படத்தோடு அவள் போக வேண்டும்.

அக்கா தெருவென்றும் பார்க்கவில்லை. "அந்த அஞ்சு இதழ எடுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். நான் சொன்னா ஒங்க காதுல ஏறாது."

"பாப்பா ஆசையாக் கேட்டா. மொத மொதல்ல அத்தான்னு கூப்புட்டிருக்கா, எப்படி மாட்டேன்னு சொல்ல?" என்றார் அத்தான் பைய.

"ரெண்டு மாசமா நானுந்தான் கேக்கேன். நான் கேட்டு நீங்க செஞ்சது ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். 'எப்பேர்ப்பட்ட ஆளிடம் மாட்டிக்கொண்டேன் பார்' என்று என்னிடம் முறையிடுகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். ஆமாம் என்று தலையாட்டினேன். ஆட்டியது மட்டுமா, ஓடிப்போய் அவள் துணிப்பையைக் காரிலிருந்து வெளியே எடுத்தேன், இனி அவள் போகமாட்டாள் அல்லவா. அவள் அதை என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள். முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தி, கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டாள். பாரம் குறைந்த கார் சத்தமில்லாமல் போயிற்று.

அக்கா பொங்கல் வரைக்கும் என்னோடு போனில் பேசவில்லை. பாப்பாவிடம் கொடுக்கட்டுமா என்று அம்மா கேட்டால், அடுப்பில் வேலை கிடக்கிறது என்று வைத்துவிடுவாள். அத்தான்தான் பேச விடவில்லை என்று நான் முடிவு கட்டி, அவரை மறுபடி அத்தான் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். பாவம், அவர் மறுபடி மிட்டாயிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. பொறாமை வீட்டில் எனக்கு ஒருத்திக்குத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த வயது அது. அக்கா அன்றைக்குக் கண்ணாடியை ஏற்றியது என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கார் தெருமுனை திரும்புகிறவரை அந்தக் கண்ணாடியைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே நின்றேன்.