ஆறு மணி நேரப் பழசு

எங்க பக்கம் கோடை வந்தா கரிசல் பாளம் பாளமா வெடிச்சுப்போவும். ஆடு காலை விட்டு முறிச்சுக்கிடும், அவ்வளவு அகலம். மண்ணு விரியும்போது உள்ள புதைச்ச நெட் கேபிளும் இழுபட்டு அந்துபோவும். கோவில்பட்டியில நான் கம்ப்யூட்டர் பாக்குத ரத்த வங்கிக்கு இது வருஷாவருஷம் உள்ள தலைவலி. பெரிய இருப்பெல்லாம் திருநெல்வேலி கிளையில. எந்த குரூப் எத்தனை பை இருக்குன்னு எழுதுத கணக்கு டேபிளும் அங்க உள்ள சர்வர்லதான். லைன் அந்துபோனா இங்கன உக்காந்து யாரைக் கேக்க?

அதுக்கு நான் புடிச்ச வழிக்குப் பேரு கேஷ். அந்த டேபிளோட நகல் ஒண்ணை எங்க கம்ப்யூட்டரே வச்சுக்கிடும். எத்தனை மணி நேரத்துக்கு ஒருக்க அதைப் புதுசாக்கணும்னு எஸ்க்யூஎல்ங்குத கம்ப்யூட்டர் பாஷையில ஒரு வரி எழுதினாப் போதும். சித்திரையில ஆறு மணி நேரம்னு வைப்பேன். ஐப்பசி மழையில மண்ணு மூடிக்கிட்டதும் ஜீரோவாக்குவேன். ஜீரோன்னா ஒவ்வொரு தடவையும் திருநெல்வேலியைக் கேட்டுட்டுத்தான் சொல்லும்.

போன வருஷம் மழை பெஞ்சுது, லைனும் சரியாச்சு, நான் மாத்தலை. மறந்துட்டேன்னு சொன்னா பாதிப் பொய். இப்பதான் திரையில கணக்கு டக்குனு வருது, அப்படியே கிடக்கட்டும்னு கவுண்டர்ல இருக்குத அக்கா சொன்னாவ. எனக்கும் சோம்பேறித்தனம். விட்டுட்டேன்.

கார்த்திகையில ஒரு மத்தியானம் எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருத்தர் ஓடி வந்தார். இங்க ஆஸ்பத்திரியில பெஞ்சாதிக்குப் பிள்ளை பெறந்து ரத்தம் நிக்கலை, ஓ நெகட்டிவ் வேணும். எங்ககிட்ட அந்த குரூப்ல ஒரு பைகூட இல்லை. அக்கா திரையைப் பாத்து, திருநெல்வேலியில ரெண்டு பை இருக்குன்னாவ. போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கம்ப்யூட்டரே சொல்லுது, இனி என்னத்தைக் கேக்கன்னு இருந்துட்டோம். நான்தான் ரத்தப் பை வச்சுக் கொண்டார ஐஸ் பெட்டியை அவர் கையில குடுத்து, கார் கதவையும் சாத்திவிட்டேன்.

அந்த ரெண்டு பையையும் காலையிலயே அங்க வேற ஆளுக்கு ஏத்தியாச்சு. நாங்க பாத்தது அதுக்கு முந்தின நகல். அவர் அங்கன போய் வெறுங்கையா நின்னு, அங்கிருந்து தூத்துக்குடிக்கு ஓடி, ஒரு பை வாங்கிட்டுத் திரும்புததுக்குள்ள அந்தப் பொண்ணு போயிருச்சு. பிள்ளை பொழச்சுக்கிட்டுது. மொதல்லயே தூத்துக்குடிக்கு அனுப்பியிருந்தா அவளும் பொழச்சிருப்பா. இதை நான் எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலமே ஜீரோவாக்கினேன். ஒரே வரிதான். ரெண்டு தடவை தப்பா அடிச்சும் ஒரு நிமிஷம் ஆகலை. அந்த நாசமாப்போன ஒரு நிமிஷம் எனக்கு ஐப்பசியில இல்லாமப் போச்சு.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு அவர் ஐஸ் பெட்டியைத் திருப்பிக் குடுக்க வந்தார். நல்லாக் கழுவித் தொடச்சிருந்தார். உக்காருங்கன்னேன், உக்காரலை.

"ரெண்டு பை இருக்குன்னு கம்ப்யூட்டர்லயே இருந்துச்சுல்லா அண்ணாச்சி. நான் போய்ச் சேருததுக்குள்ள எவனோ எடுத்துக் குடுத்துட்டான். அவன் வெளங்கமாட்டான்."

நீங்க கிளம்பின பொறவு யாரும் எடுக்கலை, நாங்க பாத்த நகல்தான் பழசு, அதைப் பழசாக் கிடக்க விட்டவன் நான்னு சொல்ல வாயெடுத்தேன். அவர் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னார்.

"ஆமா, வெளங்கமாட்டான்"னு சொல்லி, பெட்டியை வாங்கி வச்சுக்கிட்டேன்.